முக்காலியில் அமர்ந்த செடிகள்

எங்கள் நிழற்படக் கடை இரண்டு அறைகளைக் கொண்டது. முன்னறையில் ஒரு மேசையும், ஒரு நிலைக்கண்ணாடியும், காத்திருப்போருக்கான மரப்பெஞ்சும், சீப்புகள் இட்ட ஒரு குவளையும் உள்ளன. பின்னறையில் வெள்ளைத் திரை ஒன்று தொங்குகிறது. அதன் முன்னே ஒரு முக்காலி. முக்காலியின் இருபுறமும் குடை பொருத்திய விளக்குகள். எங்கள் தெருவில் அந்த முக்காலியில் அமராதவர் அரிது. அடையாள அட்டை என்ற ஒன்று தேவைப்படும் எவரும் அதில் அமர்ந்து, மோவாயைச் சற்றே உயர்த்தி, மூச்சை அடக்கி, தமக்கே பிடிக்காத ஒரு முகத்தை எங்களிடம் விட்டுச் செல்வர்.

படம் பிடிப்பது என் வேலை. படத்தைத் திருத்துவது என் கணவரின் வேலை. திருமணமான மறுமாதமே இந்த வேலைப் பிரிவினை ஏற்பட்டுவிட்டது. அவர் படம் பிடித்தால் தலை வெட்டுப்படும். நான் திருத்தினால் மூக்கு காணாமல் போகும். ஆகவே அவரவர்க்கு இயன்றதை அவரவர் செய்து வருகிறோம். அவருடைய கணினித் திரையில் பருக்கள் மறையும். கண்ணுக்குக் கீழுள்ள கருவளையம் வெளுக்கும். ஒருபுறம் தாழ்ந்த தோள் மறுதோளுக்கு இணையாக உயரும். முகத்தின் சுருக்கத்தை எடுத்துவிடுகிறார் என்பதால் தெருவினர் அவருக்கு 'இஸ்திரி' என்று பெயரிட்டுள்ளனர். அப்பெயரை அவர் ஒரு பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

செடிகளைப் படம் பிடிக்கும் எண்ணம் எனக்குத் தற்செயலாகவே தோன்றியது. ஒருநாள், வேலைக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெண், வழியில் வாங்கிய பூந்தொட்டி ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். கண்ணாடி முன் தலைவாரச் சென்றவள், தொட்டியை முக்காலியின் மேல் வைத்துவிட்டுச் சென்றாள். நான் கேமராவின் வழியே நோக்கினேன். வெள்ளைத் திரைக்கு முன்னால், இருபுற வெளிச்சத்தில், அந்தச் செடி நேராக அமர்ந்திருந்தது. ஓர் இலையைப் புழு அரித்திருந்தது. தண்டு சற்றே சாய்ந்திருந்தது. என் தொழில் வாழ்க்கையில் கண் சிமிட்டாத முதல் வாடிக்கையாளர் அதுவே. பொத்தானை அழுத்தினேன். அந்தப் படத்தை அன்று மாலைவரை பலமுறை எடுத்து எடுத்துப் பார்த்தேன். நான் பிடித்த எந்த முகத்தையும் அவ்வாறு பார்த்ததில்லை.

அதன்பின் தெருவிலுள்ளோரிடம், "உங்க செடியை ஒரு தடவை கடைக்குக் கூட்டிட்டு வாங்க" என்று கேட்கத் தொடங்கினேன். விதிகள் எளியவை. மனிதர்க்குரிய அதே முக்காலி, அதே திரை, அதே விளக்கு. செடியை அலங்கரிக்கக் கூடாது. எப்படி இருக்கிறதோ அப்படியே வரவேண்டும். முகம் கேமராவை நோக்கியிருக்க வேண்டும். இந்த இறுதி விதிதான் மிகுந்த விவாதத்துக்கு இடமளித்தது. செடிக்கு முகம் எது?

பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒரு கள்ளிச்செடி வளர்த்து வந்தார். அது அவருடைய தையல் இயந்திரத்தின் அருகிலேயே இருந்தது. ஆகையால், பறந்து வந்த நூல் துணுக்குகள் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக அதன் முட்களில் சிக்கிக் கிடந்தன. அவர் அதை முக்காலியில் வைத்து, நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் வெச்சாலும் ஒரே மாதிரிதான் மொறைக்குது" என்றார்.

"உங்ககிட்ட வளர்ந்ததுதானே" என்றார் என் கணவர்.

ரொட்டிக் கடைக்கார அம்மாள் ஒரு பெரணிச் செடியைக் கொண்டுவந்தார். அடுப்பறையின் அலமாரியில் வாழும் செடி அது. அதன் ஒவ்வோர் இலையின் மேலும் மெல்லிய மாவு படிந்திருந்தது. கணக்கு ஆசிரியர் கொண்டுவந்த செடியில் சுண்ணக்கட்டித் தூள் இருந்தது. முடிதிருத்துபவரின் தொட்டி மண்ணில் யார் யாருடைய முடியெல்லாமோ கலந்திருந்தது. நான் எதையும் துடைக்கவில்லை, களையவும் இல்லை. செடியைப் பார்த்தால் அதனுடன் வாழும் மனிதர் தெரிகிறார் என்பது எனக்குப் படிப்படியாகப் புலப்பட்டது. அதுவே என் பணி என்றும், அதற்காகவே இத்தனை காலம் அந்த அறையில் விளக்குகளை ஏற்றி அணைத்திருக்கிறேன் என்றும் எண்ணினேன்.

இச்செய்தி நூலகரின் காதுக்கு எட்டியது. அடையாள அட்டைப் படத்திற்காக வந்த அந்த அம்மையார், என் மேசையில் கிடந்த கள்ளியின் படத்தைக் கையில் எடுத்தார். தம் படத்தை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வாசிப்பறைக்குப் போற நடையில ஒரு பெரிய சுவர் சும்மா கெடக்கு. அறிவிப்பு ஒட்டி ஒட்டி அலுத்துப்போச்சு. ஒரு மாசத்துக்கு இதையெல்லாம் மாட்டுவோமா?"

"எங்க படத்தையா?"

"வேற யாரு படத்தை? என் படத்தையா? அதை யாரு பார்ப்பா?"

பன்னிரண்டு படங்கள் என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை காலை மாட்ட வேண்டும் என்று நாளும் குறிக்கப்பட்டது. மனிதர்கள் நின்று பார்க்கும் சுவரில் என் படங்கள் தொங்கப்போகின்றன. எங்கள் தொழிலில் படங்கள் கோப்புகளுக்குள் போகும், பெட்டிக்குள் போகும், பர்சின் மடிப்பில் சுருளும். சுவருக்குப் போவதில்லை. என் மகிழ்ச்சியை நான் வெளிக்காட்டவில்லை. ஆயினும் அன்று இரண்டு வாடிக்கையாளரை நாற்காலி என்று எண்ணி நகர்த்தப் பார்த்தேன் என்று என் கணவர் இன்றும் கூறுகிறார்.

பதினொரு படங்கள் கிடைத்துவிட்டன. பன்னிரண்டாவது செடி என் கணவரின் அக்காள் வீட்டில் இருந்தது. அண்ணி மருத்துவமனையில் செவிலியர். நோயாளிகளிடம் பேசிப் பழகிய குரலில்தான் உறவினரிடமும் பேசுவார். நாம் உடனே படுத்துவிட வேண்டும் போலிருக்கும். அவர் வீட்டுச் சன்னலோரம் ஒரு செம்பருத்தி இருந்தது. காற்றில் சன்னல் கதவு மோதியதால் அதன் பெரிய கிளை முறிந்து தொங்கிவிட்டது. அண்ணி அதை வெட்டி எறியவில்லை. முறிந்த இடத்தைப் பொருத்தி, ஒரு மரக்குச்சியை அணைத்து, வெள்ளைக் கட்டுத்துணியைச் சுற்றி, அதன்மேல் ஒட்டுநாடாவும் போட்டிருந்தார். அந்தக் கட்டுப் போட்ட கிளையிலேயே ஒரு பூவும் பூத்திருந்தது.

"மனுசங்களை எல்லாம் எடுத்து முடிச்சாச்சா, செடிக்கு வந்துட்டே?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு படம், அண்ணி."

"அது நடக்கிற நிலைமையில இல்லம்மா. கை ஒடிஞ்சு கிடக்கு."

"ஆட்டோவுல கூட்டிட்டுப் போறேன். நான் மடியில வெச்சுக்கறேன்."

"ஆமா, என்னைக் கூட இப்படி ஒருநாளும் மடியில வெச்சுக் கூட்டிட்டுப் போனதில்ல" என்றார். பின்னர் தாமே தொட்டியை இரு கைகளாலும் ஏந்தி வண்டியில் ஏறினார். வழிநெடுக வண்டியோட்டியிடம், "பள்ளத்துல மெதுவா போங்க, பேஷண்ட் இருக்கு" என்று கூறிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு படங்களுள் அதுவே எனக்கு மிகவும் பிடித்ததாக அமைந்தது. வெள்ளைத் திரை, வெள்ளைக் கட்டு, நடுவே சிவந்த ஒரு பூ.

அடுத்த வாரம் முழுவதும் நான் பள்ளிகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. மாணவர் அடையாள அட்டைகளுக்கான பருவம் அது. எங்கள் வழக்கம் என்னவென்றால், கேமராவின் கார்டில் உள்ளவற்றை என் கணவர் கணினியில் ஏற்றிக்கொள்வார். நான் கார்டை அழித்து மறுநாள் வேலைக்கு எடுத்துச் செல்வேன். அவர் திருத்தும் படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவார். திருத்தாத முகத்தை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. அதை யாரும் கேட்டதும் இல்லை. கேட்டால் கொடுப்பதற்கு எங்களுக்கே சங்கடமாக இருக்கும்.

நான் பள்ளிகளில், "அடுத்த பையன், தலையை ஆட்டாதே" என்று கூறிக்கொண்டிருந்த நாள்களில், என் கணவர் எனக்கு வியப்பூட்ட எண்ணி, பன்னிரண்டு படங்களையும் தாமே பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டார். வெள்ளிக்கிழமை மாலை நான் கடைக்குத் திரும்பியபோது முன்னறையில் பெஞ்சு ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. அண்ணியைத் தவிர செடிக்காரர்கள் அனைவரும் கூடியிருந்தனர். சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்ட சட்டங்களின் மேல் ஒரு விரிப்பு மூடியிருந்தது.

"கண்ணை மூடு" என்றார்.

"கண்ணை மூடுனா அப்புறம் எப்படிப் பார்க்கிறது?"

"சொன்னா கேளேன்."

விரிப்பை உருவினார். கூடியிருந்தோர் ஒருசேர, "அடடா" என்றனர்.

படங்கள் மிக அழகாக இருந்தன. கள்ளியின் முட்கள் ஒவ்வொன்றும் ஊசிபோல் மின்னின. நூல் ஒன்றும் இல்லை. பெரணி மழையில் நனைந்து வந்ததுபோல் பச்சையாக நின்றது. மாவின் சுவடு இல்லை. கணக்கு ஆசிரியரின் செடியில் சுண்ணம் இல்லை. புழு அரித்த இலைகள் முழுமையாகியிருந்தன, பழுத்தவை பசுமையாகியிருந்தன. சாய்ந்திருந்த தண்டுகள் அனைத்தும் நிமிர்ந்திருந்தன. செம்பருத்தியின் கிளை, கட்டும் இன்றி, குச்சியும் இன்றி, வளைவின்றி நீண்டிருந்தது.

என் கணவர் என் முகத்தை நோக்கினார். அவர் கண்களில் ஒரு வாரத்தின் உழைப்புத் தெரிந்தது. எந்த இடத்தில் எவ்வளவு சிரமப்பட்டார் என்று என்னால் விரல் வைத்துக் காட்ட இயலும். பெரணியின் சிற்றிலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்திருக்கிறார். அதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்பதை என்னைவிட அறிந்தவர் யாரும் இலர். எனவே, "நல்லா இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்கா? அவ்வளவுதானா?" என்றார் தையல்காரர். "எங்க கள்ளியை நானே கும்பிட்டுக்கலாம் போல இருக்கு. இத்தனை நாளா குப்பையோட வெச்சிருந்தேனேன்னு எனக்கு வெக்கமா இருக்கு."

"இஸ்திரி போட்டா இஸ்திரிதான்" என்றார் ரொட்டிக் கடைக்கார அம்மாள்.

நான் தேநீர் கலக்கச் செல்வதுபோல் பின்னறைக்குச் சென்றேன். அங்கே கேமராவின் கார்டை எடுத்துப் பார்த்தேன். அதில் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே இருந்தனர். செடிகளை நானே அழித்திருந்தேன். திங்கட்கிழமை அந்தச் சுவரில் தொங்கப்போகும் படங்களின் கீழே என் பெயர் இருக்கும். ஆனால் நான் கண்டது எதுவும் அவற்றில் இராது. இதைக் கூறினால் இத்தனை பேர் முன்னிலையில் அவர் முகம் வாடும். கூறாவிட்டால் ஒரு மாதம் அந்த நடையைக் கடக்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு செல்ல வேண்டும். இரண்டில் எதைத் தேர்வது என்று அறியாமல் கெண்டியில் தேயிலையை இருமுறை இட்டுவிட்டேன்.

தேநீர்த் தட்டுடன் நான் முன்னறைக்குத் திரும்பியபோது அண்ணி வந்தார். பணி முடிந்து நேரே வந்திருந்தார். தோளில் பை, காலில் செவிலியர் அணியும் வெள்ளைக் காலணி. வரிசையை முதலிலிருந்து பார்த்து வந்தவர், செம்பருத்தியின் முன்னே நின்றார். நெடுநேரம் நின்றார்.

"இது யாரோட செடிடா?"

"என்னக்கா, உன்னோடதுதான்."

"என்னோடது இல்ல."

"முகத்தைக் காட்டி எடுத்திருக்கு. நீ சன்னலுக்கு உள்பக்கம் இருந்து முதுகையே பார்த்துப் பழகிட்ட. அதான் தெரியல."

"முதுகும் தெரியும், மூஞ்சியும் தெரியும். நான் போட்ட கட்டு எங்க?"

"அது நல்லா இல்லையேன்னு எடுத்துட்டேன்."

"கட்டை எடுத்தா கிளை எப்படிடா நிக்குது?"

அண்ணி சட்டத்தின் அருகே குனிந்தார். "நானே இன்னும் அவுக்கலை. டாக்டர் நீ அவுத்துட்டியா? ஒடிஞ்ச எடத்துல என்ன இருக்கு பாரு, ஒண்ணுமே இல்ல. அப்போ ஒடியவே இல்லையா? நான் ராத்திரி டூட்டி முடிச்சு வந்து கண்ணு எரிய எரிய சுத்துனது எல்லாம் என்ன ஆச்சு?"

தையல்காரர் சமாதானமாக, "படம் அழகா இருந்தா சரிதானேம்மா" என்றார்.

"அழகுதாங்க. யாரு இல்லேன்னா? வேற யாரோ பொண்ணைக் காட்டி இதுதான் உன் பொண்ணுன்னா, அழகா இருக்கான்னு சொல்லிட்டு கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

அனைவரும் சிரித்தனர், என் கணவர் சிரிக்கவில்லை. "முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கறேன்" என்றார். "என் முகத்துல இருந்த பரு எங்கேன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல."

"அவங்களுக்குப் பரு வேணாம். எனக்குக் கட்டு வேணும்" என்றார் அண்ணி. பின்னர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எடுத்தவ நீதானே? நீ என்ன வாயைத் தைச்சுட்டு நிக்கிறே? தையல்காரர் பக்கத்துல இருக்காருங்கிறதுக்காகவா?"

தேநீர்த் தட்டைக் கீழே வைத்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தனர். "அண்ணி சொல்றது சரிதாங்க" என்றேன். "கட்டு இருக்கணும். நூல் இருக்கணும், மாவு இருக்கணும். அதுக்காகத்தான் எடுத்தேன். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது நான்தான்."

"சரி, பழசையே போட்டுட்டாப் போச்சு" என்றார் கணக்கு ஆசிரியர்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நோக்கினோம். பழையது எங்கும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். "பழசு அழிஞ்சு போச்சுங்க" என்றேன். அதைக் கேட்டபின் கூட்டம் மெல்லக் கலைந்தது. என் கணவர் விரிப்பை எடுத்துச் சட்டங்களின் மேல் மீண்டும் போர்த்தினார். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார். கோபம் இருந்தாலும் அவரால் ஒரு விரிப்பைக் கோணலாக விட இயலாது.

"எல்லாரையும் ஞாயித்துக்கிழமை திரும்ப வரச் சொல்றேன்" என்றேன்.

அவர் என்னைப் பாராமலே, "வரச் சொல்லாதே" என்றார்.

"ஏன்?"

"வரச் சொன்னா குளிப்பாட்டிக் கூட்டிட்டு வருவாங்க. தலை வாராம இந்த முக்காலியில யாராவது உக்காந்திருக்காங்களா? இன்னிக்கி இந்தப் படத்தை வேற பார்த்துட்டாங்க. இனிமே எவனும் நூலோட ஒரு செடியை வெளிய அனுப்ப மாட்டான்." விரிப்பை விட்டு நிமிர்ந்து, "நாமளே போவோம். சொல்லாம போவோம்" என்றார்.

மறுநாள் காலையில் எங்கள் தெரு ஒரு புதுக் காட்சியைக் கண்டது. என் கணவர் முக்காலியைத் தலைகீழாகத் தலையில் வைத்துக்கொண்டும், சுருட்டிய வெள்ளைத் திரையைத் தோளில் சாய்த்துக்கொண்டும் முன்னே சென்றார். நான் விளக்குகளுடன் பின்தொடர்ந்தேன். எங்கேனும் தீ விபத்தா என்று ஒருவர் விசாரித்தார்.

முதலில் தையல் கடைக்குச் சென்றோம். அவர் நூல் பிடுங்கும் சாமணமும் கையுமாக அமர்ந்திருந்தார். எதிரே கள்ளி. பாதிச் செடி சுத்தமாகிவிட்டது. மறுபாதியில் நூல்கள் இருந்தபடியே இருந்தன.

"அய்யோ, கொஞ்சம் இருங்க. இன்னும் பத்து நிமிஷம். முடிச்சுடறேன்" என்றார் அவர், முகம் சிவந்து.

"சாமணத்தைக் கீழ வைங்க" என்றார் என் கணவர். காவலர் ஒருவர் கூறுவதுபோல் இருந்தது.

நான் தயங்கினேன். நான் முன்பு கண்ட கள்ளி இதுவன்று. ஆயினும், ஒருபுறம் நேற்றைய பெருமிதமும் மறுபுறம் அவருடைய பல நாள் தையலுமாக அது அங்கே நின்றது. இதைவிட அவரைப் போன்ற ஒரு படம் கிடைக்காது என்று உணர்ந்தேன். திரையை விரித்தோம், எடுத்தேன். "பாதி மொட்டை அடிச்ச மாதிரி எடுத்துட்டீங்களே" என்று அவர் புலம்பினார். பின்னர், "எந்தப் பாதி நல்லா இருக்கு?" என்றும் கேட்டார்.

ரொட்டிக் கடையில் மாவு பிசையும் நேரம். அந்த அம்மாள் எங்களைக் கண்டதும் ஈரத்துணியுடன் பெரணியை நோக்கி ஓடினார். என் கணவர் இடையில் புகுந்து நின்றார். அவருடைய கறுப்புச் சட்டையில் அம்மாளின் மாவு விரல்கள் ஐந்தும் வெள்ளையாகப் பதிந்தன. அதைத் துடைக்கவும் அவருக்கு நேரமில்லை; திரையைப் பிடிக்க வேண்டியிருந்தது. கணக்கு ஆசிரியர், "தேர்வுன்னா முன்னாடியே சொல்லணும்" என்று ஆட்சேபித்தார். ஒவ்வோர் இடத்திலும் செடி முன்னிருந்த நிலையில் இல்லை. ஒன்றில் மொட்டு மலர்ந்திருந்தது. மற்றொன்றில் மலர்ந்தது உதிர்ந்திருந்தது. அரித்த இலையை அதே புழு மேலும் அரித்திருந்தது. முதலில் எனக்கு இழப்பாகத் தோன்றியது. நண்பகல் ஆவதற்குள், இழந்ததை எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். கேமராவின் முன்னே எது அமர்ந்ததோ, அதைக் கண்டேன்.

இறுதியாக அண்ணியின் வீட்டுக்குச் சென்றோம். செம்பருத்தி சன்னலோரம் இருந்தது. அதில் பூ இல்லை. கட்டும் இல்லை.

"இன்னிக்கிக் காலையிலதான் அவுத்தேன்" என்றார் அண்ணி. "ஆறிடுச்சு. பாரு."

முறிந்த இடத்தில், பழுப்பு நிறத்தில், விரல் கணுவைப்போல் ஒரு முடிச்சுப் புடைத்திருந்தது. கிளை அதற்குமேல் சற்றே திசைமாறி வளர்ந்திருந்தது. என் கணவர் கீழே கிடந்த கட்டுத்துணியைக் கண்டார். குனிந்து கையில் எடுத்தார்.

"அக்கா, படத்துக்காக ஒரே ஒரு தடவை திரும்பச் சுத்திடலாமா? நான் கெடுத்தது. நானே சுத்தறேன்."

"ஆறின எடத்துல எந்த நர்ஸாவது கட்டுப் போடுவாளா? போடா." பின்னர், குரல் தணிந்து, "கட்டு வேணும்னு நேத்துக் கத்துனேன்தான். அது நேத்து. இன்னிக்கி இது எப்படி இருக்கோ அப்படி எடுங்க" என்றார்.

நான் கேமராவைச் சரிசெய்தேன். என் கணவர் முக்காலியில் தொட்டியை வைத்து, விளக்கை நகர்த்தினார். பின் ஏதோ எண்ணியவராக, விளக்கைப் பக்கவாட்டில் இன்னும் சற்றுத் தாழ்த்தினார். அம்முடிச்சின் மேல் ஒரு சிறு நிழல் விழுந்தது. அது புடைப்பாகத் தெரிந்தது. எங்கள் கடையில் அவர் நிழலைப் போக்கித்தான் கண்டிருக்கிறேன், வரவழைத்துக் கண்டதில்லை. பொத்தானை அழுத்தினேன்.

"சிமிட்டிடுச்சா?" என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி. உங்களை மாதிரி இல்ல. நல்ல பொறுமை."

அன்றும் மறுநாளும் அச்சு இயந்திரம் ஓய்வின்றி ஓடியது. கணினியின் முன்னே அமர்ந்த என் கணவர், ஒவ்வொரு படத்தையும் திறந்து, பார்த்து, மவுஸின்மேல் வைத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கை அரிக்குது" என்று ஒருமுறை கூறினார். நான் அவருக்குப் பட்டாணி உரிக்கக் கொடுத்தேன். திருத்திய பன்னிரண்டு படங்களையும் சட்டத்திலிருந்து கழற்றி, அவரவர் வீட்டுக்கே கொடுத்துவிட்டோம். தையல்காரர் அதைத் தம் கடை வாசலில் மாட்டியுள்ளார். அண்ணி மட்டும் வாங்க மறுத்துவிட்டார். அது எங்கள் படுக்கையறையில் தொங்குகிறது. வேலைப்பாடு என்று பார்த்தால், குறை சொல்ல இயலாத வேலைப்பாடு அது.

திங்கட்கிழமை காலை நூலகத்தின் நடையில் ஆணி அடித்து, மட்டம் பார்த்து, படங்களை மாட்டி முடித்தோம். நூலகர் அம்மையார் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து, மறுமுனையிலிருந்து திரும்பி வந்து, மீண்டும் ஒருமுறை நடந்தார். "நான் சொன்ன மாதிரியே என் படத்தை மாட்டாம விட்டீங்களே, நல்லது" என்று மட்டும் கூறி, கதவுகளைத் திறக்கச் சென்றார்.

நாங்கள் எதிர்ப்புறமிருந்த பெஞ்சில் அமர்ந்தோம். வாசகர்கள் வரத் தொடங்கினர். சிலர் கடந்து சென்றனர், சிலர் நின்றனர். நின்றவர்களை நான் எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லாத அளவுக்கு நிறைவாக இருந்தது. புத்தகத்தைத் திருப்பித் தர வந்த ஒரு மனிதர் பெரணியின் முன்னே நின்றார். கூர்ந்து பார்த்தார். பின்னர்ச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சட்டத்தின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

என் கணவர் எழுந்து சென்றார்.

"அது கண்ணாடியில இல்லைங்க. உள்ள இருக்கு."

"உள்ளயா? என்னது?"

"ரொட்டி மாவு."

"அதைச் சுத்தம் பண்ணிட்டு எடுத்திருக்கலாமே?"

"பண்ணியிருக்கலாம். நல்லாத்தான் வரும். நான் பண்ணிப் பார்த்துட்டேன்."

அம்மனிதர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, மாவு படிந்த இலைகளை நோக்கி மீண்டும் குனிந்தார். என் கணவர் அவருக்கு வெளிச்சம் மறைக்காதபடி ஓரமாக நகர்ந்து நின்றார்.